லிப்ட் இல்லாத அரண்மனை

நுழைவுச் சீட்டில் கோட்டையின் படம்.
படத்தில் மேகம் இருக்கிறது,
கோண்டாரின் ஜனவரி வானத்தில் ஒன்றுகூட இல்லை.

அடிஸ் அபாபாவில் நான்
லிப்ட் பழுதுபார்க்கிறவள்.
இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுபோன பெட்டிக்குள்
யாரோ கதவைத் தட்டும் ஓசையைத் தேடிப்
போய்ச் சேர்வதே என் பிழைப்பு.
நான்கு நாள் விடுப்பு கிடைத்தபோது
உடன் வேலை பார்க்கும் எமெபெத் சொன்னாள்:
கோண்டார் போ,
அங்கே உன்னைக் கூப்பிட ஒரு பொத்தானும் கிடையாது.

பழுப்புக் கல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காரை
பால் குடித்த பூனையின் வாயோரம் போல் வெளுத்து.
மூலைக்கொரு கோபுரம்,
முட்டையை நிமிர்த்தி வைத்த தலையோடு.

சிங்கக் கூண்டுகள் காலி.
கம்பியைப் பிடித்தபடி ஒரு பையன்,
"சிங்கம் எங்கே?"
"சாப்பிடப் போயிருக்கிறது" என்றார் காவலர் அயலேவ்.
பையன் ஒப்புக்கொண்டான்.
உள்ளே சாம்பல் பூனை ஒன்று
ராஜ தோரணையில் கால் நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த அரண்மனைக்குக் கூரை இல்லை.
நிலநடுக்கம் பாதி, குண்டு மீதி என்கிறார் அவர்,
கடன்காரர்கள் பங்கு பிரித்த கணக்கைச் சொல்வது போல.
உத்திரம் நுழைந்த துளைகளில்
புறாக்கள் குடித்தனம்.
அண்ணாந்து நிற்கிறேன்.
மோட்டார் அறையை எங்கே வைக்கலாம் என்று
மனசு இடம் பார்க்கிறது.
தொழில் புத்தி.

"மேல்மாடத்திலிருந்து தானா ஏரி தெரியும்,"
சாவிக்கொத்தை எடுத்தார் அயலேவ்.
எனக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டம்.
சாளரத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்று
போட்டோக்காரன் சொல்லிவிட்டானாம்.

சுழற்படி. ஓர் ஆள் அகலம்,
அதுவும் சாப்பிடாத ஆள்.
படிகளை எண்ணுவது என் பழக்கம்.
இருபத்தொன்றில் எல்லாம் நின்றது.
மணப்பெண் வூபித்தின் கவுன் சுவரில் மாட்டிக்கொண்டது.
மேலிருந்து மாப்பிள்ளை கத்துகிறான்,
கீழிருந்து தோழிகள் கத்துகிறார்கள்.
இருட்டில் அவள் மட்டும் பேசவில்லை.
உள்ளங்கையால் சுவரைத் தட்டுகிறாள்.

அந்தத் தட்டலை எனக்குத் தெரியும்.

"என் பெயர் ஸெனெபெச்.
மூச்சை மெதுவாக விடு. எதையும் இழுக்காதே.
நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்."
இதையே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்,
இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.
இம்முறை கதவு இல்லை.
விரல் நுனியில் வலைத்துணி, பிதுங்கிய கல்,
கொக்கி போல் வளைந்த ஓர் ஆணி,
எந்த ராஜா காலத்ததோ.
விடுவித்தபோது
ஒரு சாண் கிழிந்தது.

"கிழிந்துவிட்டதா?"
"கொஞ்சம்."
"அம்மாவிடம் சொல்லாதீர்கள்."
சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு முன்னால்
சுழன்று சுழன்று ஏறிப் போனது.

மேலே காற்று.
கிழிசலை நான் மறைத்துப் பிடித்திருந்ததால்
எல்லாப் படங்களிலும் ஓரமாக என் முழங்கை.

தெற்கே புழுதிப் படலம்.
அதற்குக் கீழே தகரக் கூரைகள், மூன்று சக்கர பஜாஜ்கள்,
காய்கிற மிளகாய்.
"ஏரி எங்கே?"
"அதோ" என்று நீட்டினார் அயலேவ்.
பத்தொன்பது வருடமாக நீட்டிப் பழகிய விரல்.
"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"
சற்று யோசித்தார்.
"ஒரே ஒரு முறை, மழை விட்ட மறுநாள்.
பளபளவென்று இருந்தது.
யார் வீட்டுத் தகரமாகவும் இருக்கலாம்."

ஏறும்போது அறுபத்து மூன்று படி.
இறங்கும்போது அறுபத்தொன்று.
திரும்ப ஏறிச் சரிபார்க்க
முழங்கால் சம்மதிக்கவில்லை.

கூண்டருகே அந்தப் பையன் இன்னும் நிற்கிறான்.
பூனையைக் காணோம்.
"சிங்கம் வந்து துரத்திவிட்டது" என்றான் என்னிடம்,
தானே பார்த்தவன் போல.
அவன் கையில் பாதி தின்ற வாழைப்பழம்.
மீதி யாருக்கென்று
நான் கேட்கவில்லை.